ஆசைக்கு யார் பில் கட்டுவது?

கேள்வி: ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் போதும் என்றுதான் இத்தனை நாளும் மொழிபெயர்த்து வந்தேன். ஆனால் விம், கேப்ரிஸ், ஃபேன்சி, இம்பல்ஸ் நான்குக்கும் அகராதியில் 'திடீர் ஆசை' என்றே போட்டிருக்கிறது. உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, இல்லை ஒரே சரக்கைத்தான் நாலு பொட்டலமாகக் கட்டியிருக்கிறார்களா?

பதில்: என் கண்ணில் முதலில் பட்டது 'விம்'. பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் பற்றிய புகார் போலிருக்கிறது என்று நினைத்து உங்கள் கடிதத்தை விளம்பரப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அங்கிருக்கிற பையன் கொண்டுவந்து, "சார், இது நம்ம செக்‌ஷன் இல்ல, ஏதோ ஆசையப் பத்தி எழுதியிருக்காங்க" என்று சொல்லி, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் எழுதினால் சோப்பும் விம்தான், ஆங்கிலத்தில் தெம்பு, துடிப்பு என்ற பொருளில் வருகிற இன்னொரு சொல்லும் விம்தான், நீங்கள் கேட்கிற whim-உம் விம்தான். போதாக்குறைக்கு நாலாவதாக ஒன்று உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் குதிரையைப் பூட்டிச் சுற்றவிட்டு, தாதுவைக் கயிற்றில் மேலே இழுத்தார்களே, அந்த உருளைக்கும் விம் என்றுதான் பெயர். நம்மூர் செக்குமாடு மாதிரி அந்தக் குதிரை நாளெல்லாம் ஒரே வட்டத்தில் நடக்கும். மனம்போன போக்கைக் குறிக்கிற சொல்லை, ஓர் அடிகூட விலகிப்போக முடியாத குதிரையின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். வித்தியாசம் உண்டு. ஆசை எவ்வளவு திடீரென்று வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தால் அது பிடிபடாது. அந்த ஆசைக்கு யார் பில் கட்டுகிறார்கள் என்று பாருங்கள், பிடிபட்டுவிடும்.

விம் சில்லறைச் செலவு. 'விம்-வாம்' என்றால் ஒன்றுக்கும் உதவாத அலங்காரச் சாமான், அதைச் சுருக்கித்தான் விம் வந்தது என்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துபோய் பன் பட்டர் ஜாம் சாப்பிட்டால் என்ன என்று தோன்றுகிறதே, அதுதான் விம். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது, போகாவிட்டாலும் நஷ்டமில்லை. ஃபேன்சி அதைவிட மலிவு. ஃபேன்டசி என்ற சொல் தேய்ந்து ஃபேன்சி ஆனது. மனசுக்குள் ஒரு படம் ஓடும், அதில் கொஞ்சம் பிரியம் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான், காசே செலவழிக்காமல்கூட அனுபவிக்கலாம். எந்த அகராதியையும்விட இதை நன்றாகச் சொல்வது நம் தெருமுனை ஃபேன்சி ஸ்டோர். ஸ்டிக்கர் பொட்டு, கண்ணாடி வளையல், கல் வைத்த ஹேர் கிளிப். துண்டுச்சீட்டில் லிஸ்ட் எழுதி எடுத்துக்கொண்டு யாராவது அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

இம்பல்ஸ் வேறு ரகம். லத்தீனில் 'தள்ளு' என்ற வேரிலிருந்து வந்தது, பொருளும் அதுவே. மற்றவை மனசில் தோன்றுவது, இது பின்னாலிருந்து யாரோ தள்ளினது மாதிரி, கை நீண்ட பிறகுதான் மூளைக்குத் தகவல் போகும். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற இடத்தில் சாக்லேட்டை அடுக்கிவைப்பது இந்தத் தள்ளுக்காகத்தான். போன மாதம் அரைக் கிலோ உளுத்தம்பருப்பு வாங்கப்போன நான், கயிற்றை இழுத்தால் வெங்காயம் நறுக்குகிற பச்சை டப்பா ஒன்றோடு வீடு திரும்பினேன். பருப்பு மறந்துபோச்சு. வீட்டில் அந்த டப்பாவைக் கையில் வாங்கி, மூடியைத் திறந்து, மறுபடி மூடி, கயிற்றை ஒரே ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு இட்லிக்கு இதையே ஊறவெச்சிடவா?" என்றார்கள்.

இந்த மூன்றிலும் பில் நம் தலையில்தான் விழும். கேப்ரிஸுக்குப் பில் கட்டுவது அடுத்தவர். இத்தாலிய மொழியில் இது 'கப்ரீச்சோ': தலை, முள்ளெலி இரண்டும் சேர்ந்த சொல், பயத்தில் மயிர் குத்திட்டு நிற்கிற தலை என்று அர்த்தம். பிற்பாடு ஆட்டைக் குறிக்கிற 'கப்ரா'வும் இதில் வந்து ஒட்டிக்கொண்டது. பொருத்தம்தான். இந்தச் செடியில் ஒரு வாய், அந்தச் செடியில் ஒரு வாய், கடைசியில் நம் வேட்டியில் ஒரு வாய். முன்பு நான் வேலைபார்த்த ஒரு பத்திரிகையின் முதலாளி, அட்டை அச்சுக்குப் போகிற அன்று ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்து, "சிவப்பு வேண்டாம்யா, பச்சை போடு" என்பார். ஏன் என்று கேட்டால், "தோணுச்சு." அவருக்குத் தோன்றியதற்கு நாங்கள் நாலு பேர் விடியவிடிய உட்கார்ந்திருப்போம். இதையே ஆபீஸ் பையன் சொல்லியிருந்தால் அதற்கு கேப்ரிஸ் என்று பெயர் கிடையாது, லூசு என்றிருப்போம். கேப்ரிஸுக்கு ஒரு நாற்காலி வேண்டும். அமெரிக்காவில் 1946-இல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டம், அரசுத் துறைகளின் எப்படிப்பட்ட முடிவுகளை நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று சொல்கிற இடத்தில் கேப்ரிஷியஸ் என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. அங்கே போய் உங்கள் அகராதிப்படி 'திடீர் ஆசை' என்று மொழிபெயர்த்து வைக்காதீர்கள். தான்தோன்றித்தனம் என்று நம்மிடம் ஒரு நல்ல சொல் சும்மா கிடக்கிறது.

இதில் நம்மூர் ஆங்கில மனுக்கள் வேறு. அதிகாரி தன் 'விம்ஸ் அண்ட் ஃபேன்சீஸ்' படி நடக்கிறார் என்று ஒரு வரி இல்லாவிட்டால் மனு எழுதினவருக்கே திருப்தி வராது. அதிகாரி செய்வது கேப்ரிஸ். மனுதாரர் பாவம், பன் பட்டர் ஜாமையும் ஹேர் கிளிப்பையும் குற்றம்சாட்டிக்கொண்டிருக்கிறார்.

கேப்ரிஸ் ஒருமுறை ஃபேன்சி ஸ்டோரில் விற்பனைக்கே வந்திருக்கிறது தெரியுமா? ஸ்பெயின் ஓவியர் கோயா 'காப்ரிச்சோஸ்' என்று பெயர் வைத்த 80 அச்சுப்படங்களை 1799-இல் மாட்ரிட்டில் ஒரு வாசனைத் திரவியக் கடையில்தான் விற்றார். எண்பதும் சேர்த்து 320 ரியால். ஒரு படத்தில் சாகக் கிடக்கிறவனின் நாடியைக் கழுதை ஒன்று கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து பிடித்துப் பார்க்கும். சீக்கிரமே விற்பனையை நிறுத்திவிட்டார். யார் யார் கழுதை என்று ஊருக்குப் புரிய ஆரம்பித்திருக்கும்.

அப்புறம், கிரேவிங்கை, அதாவது அடக்க முடியாத ஏக்கத்தை, இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் அதற்கு உரிமையோடு கேட்பது என்று பொருள். மசக்கைக்காரி மாங்காய் கேட்டால், திடீர் ஆசை, நாளைக்குப் பார்க்கலாம் என்று எந்த வீட்டிலாவது சொல்வார்களா?

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கியிருக்கிறது: க்ராட்செட். பிரெஞ்சில் சின்னக் கொக்கி. டீப்பாய் விரிப்பு பின்னுகிற குரோஷா ஊசியும் இதே சொல்தான். மனசில் ஒரு கொக்கி மாட்டிக்கொண்டு, காரணமே இல்லாமல் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருப்பது. எனக்கு இருப்பது 'ஓர்' கொக்கி. உயிரெழுத்துக்கு முன்னால் 'ஒரு' வந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. "பேச்சுல எவன்யா ஓர் ஆடுங்கறான்?" என்று பேராசிரியர் நண்பர் ஒருவர் இருபது வருஷமாக என்னோடு சண்டை போடுகிறார், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதுதான் என் கோபமே. இதற்குப் பில் கட்டுவது எங்கள் பிழை திருத்துபவர். உங்கள் கேள்வி 'ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு' என்றுதான் வந்தது. மேலே பாருங்கள்.