ஊருணிக் கரைக்கு இடித்த பள்ளிக்கூடமே போதும்

கேள்வி: சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் எங்களுடையது. ஊருணிக் கரையில் அரச மரத்தைச் சுற்றி 30 சென்ட் புறம்போக்கு இருக்கிறது. பெரியவர்கள் உட்கார, பிள்ளைகள் விளையாட, சாயங்காலம் நடக்க அதைச் சீர்படுத்த நினைக்கிறோம். பழைய ஓட்டுப் பள்ளிக்கூடத்தை இடித்த செங்கல், கருங்கல், கைமரம், ஓடு எல்லாம் பக்கத்திலேயே குவிந்து கிடக்கின்றன. அவற்றை அள்ளிவிட்டு பேவர் பிளாக் போடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். டயரும் பிளாஸ்டிக் பாட்டிலும் வைத்துச் செய்யலாம் என்கிறார்கள் இளைஞர்கள். எது நல்லது?

பதில்: அந்தக் குவியலை லாரியில் ஏற்ற விடாதீர்கள். உங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது. இடித்த பொருள் ஏலக் கணக்கில் இருக்கிறதா என்று ஊராட்சியில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊருணியின் எல்லையையும் நில அளவையரை வைத்து அளந்துவிடுங்கள். நீர் நிற்கும் பரப்புக்குள் ஒரு கல்கூட நடக் கூடாது.

அடுத்தது தரம் பிரிப்பது. பள்ளிக்கூடம் சுண்ணாம்புக் காரையில் கட்டியதாக இருந்தால் செங்கல் முழுசாகக் கழன்று வரும். சிமென்ட் கலவையில் கட்டியது என்றால் பாதி உடைந்துதான் வரும். முழுக் கல் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் சுவருக்கு ஆகும். சந்தேகம் இருந்தால் ஒரு கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடியிருந்தால் அதைக் கட்டுமானத்தில் சேர்க்க வேண்டாம். உப்புப் பூத்த கல்லும் அப்படித்தான். உடைசல் எதுவும் வீண் போகாது: பெரியதை ஜல்லியாக உடைத்து நடைபாதைக்கு அடியில் போடலாம், நன்றாக வெந்த செங்கல்லை இடித்துச் சலித்தால் சுர்க்கி என்கிற செங்கல் தூள் கிடைக்கும். சுண்ணாம்பு, சுர்க்கி, மணல் மூன்றையும் சம பங்காகக் குழைத்தால் தாழ்ந்த திண்ணைச் சுவருக்குப் போதுமான காரை. நம் ஊர்ப் பழைய கட்டடங்கள் பலவும் இந்தக் கூட்டில் நிற்பவைதான்.

பேவர் பிளாக் ஏன் வேண்டாம் என்கிறேன்? வெயிலில் கொதிக்கும், அடியில் கான்கிரீட் போட்டுப் பதித்தால் மழைத்தண்ணீரும் இறங்காது. உங்கள் பக்கத்திலேயே செம்மண் சரளை கிடைக்கும். ஐந்தடி அகலத்துக்குச் செங்கல் ஜல்லியைக் கெட்டித்து, மேலே சரளை பரப்பித் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினால் காலுக்கு இதமான பாதை. நடுவை லேசாக உயர்த்துங்கள். சக்கர நாற்காலி வர வேண்டும் என்பதால் வாசலிலிருந்து மரத்தடி வரை மட்டும் கருங்கல் பலகைகளைச் சமமாகப் பதித்துவிடுங்கள்.

இருக்கைக்கு சுமைதாங்கிக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கவைப்பார்கள். காரையே கிடையாது. தலைச்சுமையோடு வருகிறவர் யார் துணையும் இல்லாமல் இறக்கி வைக்கிற உயரம் அது. அதே கட்டுமானத்தை ஒன்றரை அடி உயரத்தில் செய்தால் உங்கள் இருக்கை தயார். பள்ளியின் வாசற்படிக் கல்லும் உத்தரக் கல்லும் இதற்கென்றே வெட்டியவை போலப் பொருந்தும். கால் கல்லில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போக வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்காகச் சிலவற்றை இரண்டு அங்குலம் உயர்த்தி, எழும்போது பிடித்துக்கொள்ள ஒரு கல்லையும் பக்கத்தில் நட்டுவையுங்கள். சாயங்காலம் மர நிழல் கிழக்கே விழும். இருக்கைகளும் அங்கேயே இருக்கட்டும்.

மரத்தைச் சுற்றி மேடை கட்டி உள்ளே மண் நிரப்புகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அடிமரம் மண்ணில் புதைந்தால் பட்டை அழுகும், வேருக்கு மூச்சு முட்டும். தள்ளி, வட்டமாக, காரை இல்லாமல் கல் அடுக்குங்கள்.

ஓட்டைத் தாங்கியிருந்த கைமரம் பனையாக இருந்தால் அதிர்ஷ்டம்தான். சுவருக்குள் செருகியிருந்த முனைதான் முதலில் உளுத்துப்போகும். அதை அறுத்துவிட்டு மிச்சத்தைத் தட்டிப் பாருங்கள். வைரம் பாய்ந்த பகுதியில் ஓட்டுக்கூரை ஏற்றினால் மழைக்கு ஒதுங்க ஒரு சாவடி கிடைத்துவிடும்.

இளைஞர்களின் ஆர்வத்தை விட்டுவிடாதீர்கள். பொருளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். டயருக்குள் தேங்கும் மழைநீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். ஊஞ்சலுக்கு ஒன்றிரண்டு போதும், அவற்றிலும் அடியில் துளை போட்டுத் தொங்கவிடுங்கள். பாட்டில் சுவரோ வெயில் பட்டுப் பொரிந்து, துகள் துகளாக ஊருணித் தண்ணீரில் சேரும். அந்த வேலையை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பிளாஸ்டிக்குக்குச் சரியான இடம் தார்ச்சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் அதற்கு வழிசெய்து கொடுத்தவர். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு குவியலில் இருந்தால் யாரும் உடைக்க வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

வேலையை ஊர்க் கொத்தனாரிடமே கொடுங்கள், இரண்டு இளைஞர்களைக் கூடவே சித்தாளாக நிறுத்துங்கள். பத்து வருடம் கழித்து ஒரு கல் சாய்ந்தால் அதை நிமிர்த்தத் தெரிந்தவர் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். சித்திரையில் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் சுண்ணாம்புக் காரை நன்றாக இறுகிவிடும்.