பல்கலைக்கழக வகுப்பில் புதிய தொழில்நுட்பம்: எதிலிருந்து தொடங்கலாம்?

பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துபவர் புதிய தொழில்நுட்பங்களில் எதை முதலில் கையில் எடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இயற்பியல் நடத்துகிறேன். கைப்பேசி வாக்கெடுப்பில் தொடங்குங்கள் என்பேன். செயற்கை நுண்ணறிவெல்லாம் அப்புறம்.

ஒரு லாரி சின்னக் கார் மீது மோதுகிறது. இரண்டில் எது அதிக விசையைச் செலுத்தும்? இதைத் திரையில் போட்டு, யாரிடமும் பேசாமல் கைப்பேசியில் வாக்களிக்கச் சொன்னேன். ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கும் பிள்ளைகள்தான். ஆனால் முக்கால்வாசிப் பேர் லாரி என்றார்கள். விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடச் சொன்னேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி, "விசை ரெண்டுக்கும் ஒண்ணுதான்டி. கார் லேசு, அதனாலதான் அது தூக்கி எறியப்படுது" என்று தோழியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மறு வாக்கெடுப்பில் நிலைமை தலைகீழ். நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் இது நடந்திருக்காது.

இந்த முறையை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-லேயே தொடங்கிவிட்டார். அப்போது ஸ்மார்ட்போனே கிடையாது. முதலில் ஒரு விடையில் மாணவர் துணிந்து நிற்க வேண்டும், அதுதான் இதன் உயிர். மற்றக் கருவிகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) பாவனைகள், அதாவது சோதனைகளைத் திரையில் செய்து பார்க்கும் கணினி நிரல்கள், இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை ஓட்டும் முன், என்ன நடக்கும் என்று தாளில் எழுதி வாங்கிவிடுவேன். எழுதாமல் ஓட்டினால் வேடிக்கை பார்த்ததோடு சரி.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததும், யார் அதை வைத்து எழுதினார்கள் என்று துப்பறிவதிலேயே ஒரு பருவத்தை வீணடித்தேன். அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டறியும் தன் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. நானும் விட்டுவிட்டேன். இப்போது வீட்டுக் கணக்குக்கு அதன் உதவியைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் வாரம் ஐந்து பேர் பலகைக்கு வந்து, "இந்த வரியில் கழித்தல் குறி ஏன் வந்தது?" போன்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நேரம் பிடிக்கிறது, உண்மைதான். அந்தச் சில நிமிடங்களில் எனக்குத் தெரியவருவது எந்த விடைத்தாளிலும் தெரிந்ததில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். எல்லாரிடமும் கைப்பேசி இருக்காது, இருந்தாலும் சார்ஜ் இருக்காது. அவர்கள் தூக்கிக் காட்டி வாக்களிக்க, அ, ஆ, இ, ஈ என்று விடை எழுத்துகள் எழுதிய அட்டைக் கட்டு ஒன்றை மேசையில் எப்போதும் வைத்திருங்கள்.