மாஷ் பதில்கள்: கெணத்துக் கயிறும் சிலபஸும்

போன இதழ்ல நம்ம பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கா கொழிஞ்சாம்பாறையிலருந்து ஒரு அம்மா கேட்டத இடம் பத்தாம தள்ளி வெச்சேன், அதுக்குள்ள அதே விஷயத்த இன்னும் அஞ்சாறு பேரு கேட்டுட்டாங்க. அதனால இந்த தடவ சினிமா கேள்வி, கட்சி கேள்வி எல்லாம் கட், பள்ளிக்கூடம் மட்டும்தான், மாஷ்னா வாத்தியார்தானே.

கே: மாஷே, என் தம்பி அமெரிக்காவுல இருக்கான். அங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுன்னு ஒண்ணு இருக்காம், பிள்ளைங்க என்ன படிக்கணும்னு அவங்களே முடிவு பண்றாங்களாம், அப்பா அம்மா எல்லாம் கமிட்டியில உக்காந்து பேசறாங்களாம். நம்ம சித்தூர் உபஜில்லாவுல தமிழ் மீடியம் பிள்ளைங்களுக்கு அப்படி ஒண்ணு பண்ண முடியாதா?
(கொழிஞ்சாம்பாறை, ரெண்டு பிள்ளைங்களோட அம்மா)

ப: தம்பி சொன்னது சரிதாங்க. அங்க அந்த மாதிரி டிஸ்ட்ரிக்டு சுமார் 13,000 இருக்கு, பெரும்பாலும் போர்டு மெம்பர்கள ஊர்க்காரங்களே ஓட்டு போட்டு எடுக்கறாங்க, வீட்டு வரி நெலத்து வரியில ஒரு பங்கு நேரா ஸ்கூலுக்கு போகுது. எந்த வகுப்புல என்ன தெரிஞ்சிருக்கணும்னு மாநில அரசு ஒரு கோடு போடும், அந்த கோட்டுக்குள்ள எத எப்படி சொல்லிக்குடுக்கறதுங்கறது பெரும்பாலும் டிஸ்ட்ரிக்டு பாடு. இதுல எனக்கு ரொம்ப புடிச்சது அரிசோனாவுல ரஃப் ராக்னு ஒரு ஊரு. நவஹோ பழங்குடி ஜனங்க 1966-ல அங்க ஸ்கூல தங்களோட கையில எடுத்து, அவங்களே போர்டு அமைச்சு, அவங்க பாஷையில அவங்க கதைய வெச்சு புஸ்தகமே போட்டாங்க. அதுக்கு முந்தி அந்த பிள்ளைங்கள வீட்ட விட்டு தூரமா ஹாஸ்டல்ல போட்டு தாய்மொழிய பேசவே விடாம வெச்சிருந்த காலம்.

நம்ம உபஜில்லான்னா என்னங்க? ஏ.இ.ஓ., அதாவது உதவி கல்வி அதிகாரி ஆபீஸ். சம்பள பில்லு, லீவு, மத்தியான சாப்பாட்டு கணக்கு. ஓட்டும் கெடையாது வரியும் கெடையாது. பாடத்திட்டம் போடறது 2009 கல்வி உரிமை சட்டத்துல 29-ஆவது பிரிவுப்படி அரசு சொல்ற அமைப்போட வேல, கேரளாவுல அது எஸ்.சி.ஈ.ஆர்.டி.ங்கற மாநில கல்வி ஆராய்ச்சி பயிற்சி கவுன்சில். ஆக நம்ம உபஜில்லா தனியா ஒரு சோஷியல் புக் அச்சடிச்சு இதுதான் பாடம்னு குடுக்க முடியாதுங்க.

ஆனா அதே சட்டத்துல 21-ஆவது பிரிவ படிச்சு பாருங்க. ஒவ்வொரு அரசு ஸ்கூல்லயும் மேலாண்மைக் குழு இருக்கணும், அதுல நாலுல மூணு பங்கு அப்பா அம்மாக்கள், மொத்தத்துல பாதி பொம்பளைங்க. இங்க அரசு எல்.பி., யு.பி. ஸ்கூலு, அதாவது ஏழாங்கிளாஸ் வரைக்கும், கிராம பஞ்சாயத்து கையில, ஹைஸ்கூல் ஜில்லா பஞ்சாயத்து கையில. ஸ்கூலுக்கு ஸ்கூல் அகடமிக் மாஸ்டர் பிளான்னு ஒரு படிப்பு திட்டம் வேற எழுதறாங்க. உங்க ஸ்கூலு பிளான நீங்க கேட்டு வாங்கி படிச்சதுண்டா? நான் பார்த்த வரைக்கும் ஒரு ஸ்கூல்ல எழுதினத பக்கத்து ஸ்கூல்ல பேரு மாத்தி எழுதினதுதான் ஜாஸ்தி. மொத்த சிலபஸ மாத்த முடியாட்டியும் வாரத்துல ரெண்டு பீரியட நம்ம ஊருக்கு எடுத்துக்கறத யாரும் தடுக்கல. 2005 தேசிய கலைத்திட்டமே, படிக்கறத பள்ளிக்கூடத்துக்கு வெளிய இருக்கற வாழ்க்கையோட சேருங்கன்னுதான் முதல் கொள்கையா சொல்லுது.

கே: 2022-ல பாடத்திட்டம் மாத்தறோம், ஜனங்க கருத்து சொல்லுங்கன்னு கூப்பிட்டாங்க. போனோம், டீ குடிச்சோம், வந்தோம். இதுதானா மக்கள் பங்கேற்பு?
(வேலந்தாவளம், டீக்கடை நடத்துபவர்)

ப: டீ உங்க கடையுதா இருந்தா நஷ்டம் இல்லையே! கிண்டல் இருக்கட்டும். ஒரு மாநிலம் மொத்தமும் கூப்பிட்டு கேட்டது பெரிய விஷயம்தான், நவம்பர்ல வகுப்புல வெச்சு பிள்ளைங்க கிட்டயும் கேட்டாங்க. 2024-ல ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு, ஒம்போதுக்கும், அடுத்த வருஷம் மிச்ச வகுப்புக்கும் புது புக் வந்துச்சு. ஆனா வேலந்தாவளம் செக்போஸ்டு பக்கத்துல உக்காந்து நாம சொன்னது அந்த புஸ்தகத்துல எங்க இருக்குன்னு தேடினா கெடைக்காது, அவ்ளோ பெரிய பானையில நம்ம உப்பு கரைஞ்சு போயிருக்கும்.

தப்பு, ஜனங்கள கூப்பிட்டு நாம கேக்கற கேள்வியிலயும் இருக்குங்க. நான் ரிட்டயர் ஆகறதுக்கு நாலஞ்சு வருஷம் முந்தி ஒரு யு.பி. ஸ்கூல்ல இருந்தேன், ஊரு பேரு வேண்டாம். சனிக்கெழம ரெண்டர மணிக்கு மீட்டிங் போட்டோம். பி.டி.ஏ. பிரசிடென்ட், வார்டு மெம்பரு, மெம்பர் கூட எப்பவும் வர்ற ரெண்டு பேரு, சட்ட கசங்காத ஏழெட்டு அப்பாக்கள். “உங்க பிள்ளைங்களுக்கு என்ன பாடம் வேணும்?”னு கேட்டோம். ஸ்போக்கன் இங்கிலீஷ், கம்ப்யூட்டர், அபாகஸ். ஒருத்தர் கராத்தே. அவங்கள கொற சொல்ல மாட்டேன், பக்கத்து இங்கிலீஷ் மீடியம் வேன் காலையில வீட்டு வாசல்ல ஹாரன் அடிக்கும்போது எந்த அப்பாவுக்கும் அதுதான் தோணும்.

அப்புறம் எங்க ஹெச்.எம். டீச்சர் சொன்னாங்க, வராதவங்க இருக்கற எடத்துக்கு நாம போவோம் மாஷேன்னு. தொழிலுறப்பு வேல (நூறு நாள் வேல) வாய்க்கா மேட்டுல நடந்துட்டிருந்துச்சு, மத்தியானம் தூக்குப்போசிய தொறந்து வெச்சு உக்காந்திருந்தாங்க, எல்லாம் நம்ம பிள்ளைங்களோட அம்மா, அம்மச்சிதான். கேள்விய மாத்தி கேட்டோம், “உங்களுக்கு தெரிஞ்சு உங்க பிள்ளைங்களுக்கு தெரியாதது என்னங்க?” மொதல்ல சிரிச்சாங்க, நாங்க என்னத்த கண்டோம் மாஷேன்னு. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு அம்மச்சி ஊறுகா பொட்டலத்த மடிச்சுகிட்டே சொல்லுது, “எங்களுக்கு கயித்த எறக்கினா கெணத்துல தண்ணி எத்தன மொழத்துல கெடக்குன்னு கையே சொல்லும், இதுக சுச்சு போடுது, தண்ணி எங்கருந்து வருதுன்னு கேட்டா டேங்குலருந்துன்னு சொல்லுது.”

அன்னிக்கி சாயந்தரமே ஒரு நார்க்கயிறு வாங்கினோம். அர மீட்டருக்கு ஒரு முடிச்சு, நுனியில ஒரு கல்லு. ஆறாங்கிளாஸ் பிள்ளைங்க மாசம் மொத வெள்ளிக்கெழம பதினோரு கெணத்துல எறக்கி, மேலருந்து எத்தனாவது முடிச்சுல தண்ணி தொடுதுன்னு எண்ணி நோட்டுல எழுதுவாங்க. பார் கிராப் பாடம் வந்தப்ப புக்குல இருந்த கணக்க விட்டுட்டு எங்க கெணத்து கணக்கத்தான் வரைஞ்சோம். ஒரு பொண்ணு கேட்டா, வரப்புக்கு இந்த பக்கம் ஒம்போதாவது முடிச்சுல தண்ணி, அந்த பக்கம் பதினாலுல, ஏன் மாஷேன்னு. போயி பார்த்தா பதினாலு முடிச்சு கெணத்துக்கு பக்கத்துல புதுசா போர் போட்டிருக்கு. இந்த கேள்விய எந்த கமிட்டியும் எழுதிக்குடுத்திருக்காது.

ரெண்டு வருஷம் ஓடுச்சு. கணக்கு டீச்சருக்கு ட்ரான்ஸ்பர் வந்துச்சு, நானும் ரிட்டயர் ஆயிட்டேன், நோட்டு ஆபீஸ் அலமாரிக்குள்ள போயிடுச்சு. இத ஊருக்காரங்க கையில குடுக்காம ரெண்டு வாத்தியார் கையிலயே வெச்சிருந்தது எங்க தப்பு, ஒத்துக்கறேன்.

கே: நான் தமிழ் மீடியத்துல சோஷியல் எடுக்கறேன் மாஷ். ஊரு பாடம்னு எழுத உக்காந்தா கோயில், கொளம், திருவிழா தாண்டி எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்குது. வேற என்னதான் எழுதறது?
(எருத்தேம்பதி, ஆசிரியை)

ப: டீச்சர், கேரளாவுலயே கரிசல் மண்ணு இருக்கற எடத்துல உக்காந்துட்டு ஒண்ணும் வரலைங்கறீங்களே. ஊரெல்லாம் மழ கொட்டும்போது நமக்கு மட்டும் ஏன் மேகம் கையாட்டிட்டு போகுதுங்கறதுலருந்து ஆரம்பிங்க, பாலக்காட்டு கணவாய் காத்து, மழ மறைவு பிரதேசம் எல்லாம் அதுலயே வந்துடும். அடுத்தது தண்ணி. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் நடுவுல பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணி ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-ல, ஆனா 1958-லருந்தே செல்லும்னு போட்டாங்க. வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு வழியா சித்தூர் புழைக்கு (ஆத்துக்கு) வரணும். ஒரு டி.எம்.சி.ன்னா நூறு கோடி கன அடின்னு சொல்லி, அத லிட்டராக்க சொல்லுங்க, ஏழாங்கிளாஸ் பெருக்கல் கணக்கு முடிஞ்சுது. தண்ணி பத்தலன்னா இங்க சாலை மறியல் பண்றதும் நம்ம ஆளுங்க, அந்த பக்கம் பொள்ளாச்சியில தரக்கூடாதுங்கறதும் நம்ம மாமன் மச்சான். ரெண்டு பக்கமும் நின்னு பிள்ளைங்கள வாதாட வைங்க.

சிவிக்ஸ் வேணுமா, பெருமாட்டி பஞ்சாயத்து இருக்கு. பிளாச்சிமடையில 2000-ல கோலா கம்பெனி வந்துச்சு, நெலத்தடி தண்ணிய உறிஞ்சறாங்கன்னு 2002 ஏப்ரல்ல ஆதிவாசி ஜனங்க போராட்டப் பந்தல் போட்டாங்க, இரவாளர் சமுதாயத்து மயிலம்மா முன்னால நின்னாங்க, 2003-ல பஞ்சாயத்து லைசன்ஸ் புதுப்பிக்க மாட்டேன்னுச்சு, 2004 மார்ச்ல கம்பெனி மூடியாச்சு. பஞ்சாயத்துக்கு என்ன அதிகாரம்னு பத்து வரி மனப்பாடம் பண்றதுக்கு பதிலா இத சொன்னா போதும்.

சரித்திரத்துல ஒண்ணு கவனிங்க, பாலக்காடு மெட்ராஸோட மலபார் ஜில்லாவுல இருந்தப்போ நம்ம சித்தூர் கொச்சி ராஜ்யத்துல இருந்துச்சு, அது நெறய பேருக்கு தெரியாது. இன்னொண்ணு சித்தூர் கொங்கன் பட. கொங்கு நாட்டு ராஜா பட எடுத்து வந்தான், பகவதியே எறங்கி ஜெயிச்சா, அதுக்குத்தான் கும்ப மாசம் திருவிழான்னு ஐதீகம். நம்ம பிள்ளைங்க பாதி பேருக்கு பூர்வீகம் கொங்கு நாடு, அதே பிள்ளைங்க அந்த திருவிழாவுல பலூன் வாங்கிட்டு நின்னு கொங்கன் தோக்கறத பார்த்து கை தட்டுதுங்க. நானும் தட்டியிருக்கேன்! கத சொல்றவன் எந்த பக்கம் நிக்கறான்னு சொல்லிக்குடுக்க இத விட நல்ல பாடம் உண்டா டீச்சர்?

கள்ளு பத்தி ஒரு எச்சரிக்க. பாளைய தட்டி சீவி எறக்கறதுலருந்து அது ஏன் மணிக்கணக்குல புளிக்குது, ஈஸ்ட் என்ன பண்ணுது வரைக்கும் அருமையான சயன்ஸ் அது, கேரளா முழுக்க கள்ளு நம்ம சித்தூர்லருந்துதான் நெறய போகுது. ஒரு கள்ளு எறக்கற அண்ணன கிளாஸுக்கு கூட்டிட்டு வந்தோம், அடுத்த நாளே ஒரு அப்பா வந்து “ஸ்கூல்ல கள்ளு சொல்லிக்குடுக்கறீங்களாமே”ன்னு சத்தம் போட்டாரு. அவரு வாயில அப்பவே அந்த வாசன. ஆனாலும் மொதல்லயே அம்மாக்கள கூப்பிட்டு சொல்லிட்டு செஞ்சிருக்கணும், நீங்க அப்படி செய்யுங்க.

கே: மாஷே, இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கேரளாவுல வேல வேணும்னா மலையாளம் வேணும், ஊரு பாடம் தமிழ் பாடம்னு பிள்ளைங்கள இங்கயே கட்டிப்போட பாக்கறீங்களா?
(வடகரப்பதி, லாரி டிரைவர்)

ப: கோவமா கேட்டாலும் நியாயமான கேள்விங்க. மலையாளம் கண்டிப்பா படிக்கணும், ஸ்கூல்ல மலையாளம் கட்டாயம்னு 2017 சட்டம் சொல்றதுக்காக மட்டும் சொல்லல, பஸ் போர்டு படிக்கறதுலருந்து ஆஸ்பத்திரி சீட்டு வரைக்கும் அதுல இருக்கு. ஆனா ஒரு விஷயம் கேளுங்க. என்கிட்ட ஒரு பையன் தமிழ் கட்டுரையில “எங்கள் வீட்டில் ஒரு வாரமாக வெள்ளம் இல்லை, அம்மா அழுகிறாள்”னு எழுதினான். மலையாளத்துல வெள்ளம்னா தண்ணி, நமக்கு அது ஊர அடிச்சுட்டு போறது. அவசரம்னு எழுதுவான், வாய்ப்புன்னு அர்த்தம் வெச்சிருப்பான். உத்தரம்னு எழுதுவான், விடைன்னு நெனச்சு. அவனுக்கு ரெண்டு பாஷையும் தெரியும், எது எந்த வீட்டு சாமான்னுதான் தெரியல. ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒரு வார்த்த பட்டியல் போட்டு சொல்லிக்குடுத்தா தமிழும் தெளியும் மலையாளமும் தெளியும், இத திருவனந்தபுரத்துல உக்காந்து யாராலயும் எழுத முடியாது, உங்க பையனும் அவனோட மலையாளி சிநேகிதனும் சேர்ந்து எழுதலாம்.

கே: சித்தூர்னு பார்த்து எங்க ஊரு விஷயம்னு ஆசையா படிச்சேன், ஏமாத்திட்டீங்களே?
(நகரி, ஆந்திரா)

ப: மன்னிச்சுக்கோங்க, இது ஆந்திரா சித்தூர் இல்ல, பாலக்காட்டு சித்தூர்! ஆனா விஷயம் உங்களுதும்தான். 1960 ஏப்ரல் 1-ல திருத்தணி தமிழ்நாட்டு பக்கம் போச்சு, நீங்க ஆந்திரா பக்கம் நின்னுட்டீங்க. சின்ன வகுப்புல தாய்மொழியில படிக்க வசதி செஞ்சு குடுக்கணும்னு அரசியல் சட்டம் 350ஏ பிரிவு உங்களுக்கும் சேர்த்துதான் சொல்லுது. உங்க ஊரு பவர்லூம் தறியில பாவு எண்ணறதுக்குள்ள எத்தன கணக்கு பாடம் இருக்குன்னு நெசவு வீட்டு பிள்ளைங்கள கேட்டு எழுதி அனுப்புங்க, போடறேன்.

கே: இந்த மாதிரி பாடத்திட்டம் போட எத்தன மீட்டிங் ஆகும்?
(கோபாலபுரம்)

ப: பருப்பு வட இருந்தா பத்து, இல்லாட்டி ரெண்டு.

கே: தாத்தா, நான் ஒம்போதாங்கிளாஸ். ஊரு பாடம் எல்லாம் எக்ஸாம்ல வருமா? வராதுன்னா எங்க கிளாஸ்ல யாரும் படிக்க மாட்டாங்க.
(மீனாட்சிபுரம், மாணவி)

ப: இத்தன பேரு கேட்டதுல நீதான்மா சரியான எடத்துல கை வெச்சிருக்க. எழுத்து பரீட்சையில வராது. ஆனா அடுத்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில நூறு மார்க் பேப்பருக்கு இருபது சி.இ. (தொடர் மதிப்பீடு) மார்க்கு இருக்கு, ப்ராஜக்ட், அசைன்மென்டுக்கெல்லாம் டீச்சர் போடறது. அந்த ப்ராஜக்ட கடையில பத்து ரூபாய்க்கு சார்ட் வாங்கி, படம் வெட்டி ஒட்டி குடுக்காம, ஊரு கெணத்த எடுத்து செய்யறேன்னு டீச்சர் கிட்ட கேட்டுப்பாரு, வேண்டாம்னு சொல்ல மாட்டாங்கன்னு நெனக்கறேன். தனியா கெணத்துகிட்ட போகாத, பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு போ. கயிறு புதுசா வாங்க வேண்டாம், பழசு என் வீட்டு பரண்ல இருக்கு, வந்து எடுத்துக்கோ. பதினேழாவது முடிச்சு அவுந்து போச்சு, அத மட்டும் அளந்து போட்டுக்கம்மா.