நடு நாற்காலியில் இருப்பவர் யார்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பி.காம். இறுதியாண்டு மாணவன். எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியில் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன். இந்த ஆண்டு நாங்கள் ஒரு போட்டியில்கூடத் தோற்கவில்லை. கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பையும் எங்களுக்கே கிடைத்தது. எங்கள் கல்லூரிதான் எங்களை உருவாக்கியது. ஆண்டு மலரில் அணியைப் பற்றி என்னைக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கிரிக்கெட் இருக்கும்வரை இந்த நாட்டில் எங்களை யார் பார்க்கப் போகிறார்கள்? செய்தித்தாளில் வந்த படத்திலும் கோல் போட்டவர்கள்தான் இருந்தார்கள். ஒரு கிளப்பின் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒரு தனியார் நிறுவனத்தில், கணக்குப் பிரிவில் வேலையும் கிடைத்திருக்கிறது. நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

(பெயர் வேண்டாம்)
கௌதமபுரம், பெங்களூரு

அன்புள்ள தம்பி,

முதலில் என் வாழ்த்து. பருவம் முழுவதும் தோற்காமல் இருப்பது எளிதல்ல. கோல் போடுகிறவனுக்கு ஒரு நல்ல நாள் போதும். பின்னால் நிற்கிறவனுக்கு எல்லா நாளும் நல்ல நாளாக இருந்தாக வேண்டும். நீ அப்படி நின்றிருக்கிறாய்.

கிரிக்கெட்டைப் பற்றிய புலம்பலுக்கு என்னிடம் பதில் இல்லை, பொறுமையும் இல்லை. செய்தித்தாள் படத்தையும் விட்டுவிடு. அடுத்த வாரம் அந்தத் தாளில் யாராவது வடை மடிப்பார்கள்.

ஆனால் ஒரு வரி என்னை இரண்டு நாட்களாக விடவில்லை. “எங்கள் கல்லூரிதான் எங்களை உருவாக்கியது.” நீ கௌதமபுரத்துப் பையன். அல்சூரின் அந்தத் தெருக்களில் கால்பந்து என்னவாக இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? பெலேவுக்குச் சிலை வைத்த இடம் அது. அப்படியிருக்க, உன் கடிதத்தில் கௌதமபுரம் எங்கே வருகிறது? கடைசி வரியில், முகவரியாக. அவ்வளவுதான். கல்லூரிக்கு நன்றி, தெருவுக்கு அஞ்சல் குறியீடு! எனக்குக் கோபம் வந்தது. இன்னும் தணியவில்லை.

கல்லூரி உனக்கு என்ன செய்தது? கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது, ஜெர்சி கொடுத்தது, பஸ் ஏற்பாடு செய்தது. இவை சின்ன உதவிகள் என்று நான் சொல்லவில்லை. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் மூன்று ஆண்டுக் கட்டணம் என்பது என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ அந்த வாசலை மிதித்தபோது உனக்குப் பதினெட்டு வயது. உன் கால்கள் அதற்குள் தேர்ந்துவிட்டன. வரும் பந்தை ஒரே தொடுதலில் அடக்குவது, முதுகுக்குப் பின்னால் யார் ஓடுகிறான் என்று திரும்பாமலே அறிவது, இதெல்லாம் பத்துப் பன்னிரண்டு வயதில் வருவது. செங்கல்லைக் கோல் கம்பமாக வைத்து, நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரில் படாமல் பந்தைத் திருப்பப் பழகிய பிள்ளையைத்தான் ஜூன் மாதத்தில் கல்லூரிகள் தேடி வருகின்றன. விளைந்ததை அறுக்க வருகிறவர்களை விதைத்தவர்கள் என்று எழுதாதே.

இந்த நகரத்துக் கால்பந்தே அப்படி வளர்ந்ததுதான். கண்டோன்மென்டில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஆடியதைச் சுற்றி நின்று பார்த்தவர்கள் நம்மவர்கள். சென்னைப் படையோடு வந்து தங்கிய குடும்பங்களும், அவர்களை நம்பிப் பிழைக்க வந்த குடும்பங்களும். பம்பாயில் 1891-இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையை ராணுவ அணிகளே மாற்றி மாற்றி எடுத்துச் சென்றுகொண்டிருந்தன. 1937-இல் அதை வென்று கொண்டுவந்தது பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற கிளப். மறு ஆண்டும் அவர்களே வென்றார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பலர் வெறுங்காலோடு ஆடிய நம் அணி பிரான்சிடம் 2-1 என்று தோற்றது. அந்த ஒரு கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் இந்த ஊர்க்காரர். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் இந்த ஊர்க்காரர். இவர்களில் யாரையாவது நாம் ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லி நினைக்கிறோமா?

சென்ற வாரம்தான் பரணிலிருந்து ஒரு படத்தை எடுத்தேன். அதனால்தான் உன் கடிதம் என்னை இப்படிப் பிடித்துக்கொண்டது. என் கல்லூரி அணி கோப்பை வென்ற ஆண்டின் படம். நான் மாற்று கோல் கீப்பர், பின்வரிசையில் ஓரமாக நிற்கிறேன். அந்த அணியில் நான்கு பேர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவைச் சேர்ந்தவர்கள். நால்வருக்கும் பந்து சொல்லிக்கொடுத்தவர் ஒருவரே. அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். முதல் ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல், சைக்கிளில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருவார். பந்துகளைத் தானே தைப்பார். சைக்கிள் பம்பால் காற்றடிப்பார். எங்களிடம் ஒரு பைசா வாங்கியதில்லை. “பந்தைப் பார்க்காதே, அது ஏமாற்றும். அவன் இடுப்பைப் பார், இடுப்பு பொய் சொல்லாது” என்பார். லெஃப்ட் பேக்கான உனக்கும் இதை யாரோ சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் நீ இந்தப் பருவத்தைத் தாண்டியிருக்க முடியாது.

ஆண்டு மலர் வந்ததும் அவருக்குக் காட்ட எடுத்துப்போனேன். துருப்பிடித்த இரும்பு வாசனை அடிக்கும் கைகளைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். “மூன்றாவது நிற்கிறானே, அவன் சாக்ஸ் கீழே இறங்கியிருக்கிறது. படத்துக்கு நிற்கும்போதாவது இழுத்துவிடக் கூடாதா?” என்றார். பிறகு முன்வரிசையின் நடு நாற்காலியில் டை கட்டி உட்கார்ந்திருந்தவர் மேல் விரலை வைத்து, “இவர் யார்?” என்று கேட்டார்.

“எங்கள் கோச்” என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன். மலரில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. அவர் சரி என்று தலையசைத்து, பக்கத்தை மூடி, மலரை என் கையில் கொடுத்துவிட்டுப் பந்துகளை எடுக்கப் போனார். அந்தக் கல்லூரி அவரை விழாவுக்கு அழைக்கவில்லை, மலரில் ஒரு வரிகூட எழுதவில்லை. அதை நான் மன்னித்துவிட்டேன், அவர்களுக்கு அவரைத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொன்ன அந்த இரண்டு சொற்களுக்கு இன்றுவரை எனக்கு மன்னிப்பு கிடைக்கவில்லை. கேட்க வேண்டியவர் இப்போது இல்லை.

வேலையா கிளப்பா என்று கேட்டாய். அந்த மனிதர் மாலை முழுவதையும் எங்களுக்குக் கொடுக்க முடிந்தது எதனால் என்று யோசித்துப் பார். நேரத்துக்கு முடியும் ஷிஃப்ட், மாதம் தவறாத சம்பளம். விமானம் செய்த எச்.ஏ.எல்., தொலைபேசி செய்த ஐ.டி.ஐ. போன்ற அரசாங்கத் தொழிற்சாலைகள் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்த காலத்தில் உன் கேள்வியே எழவில்லை. பந்தும் சோறும் ஒரே வாசலில் கிடைத்தன. அந்த வாசல் இன்று ஏறக்குறைய மூடிவிட்டது. ஆகவே வேலையை உதறு என்று உன்னிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்வுக்குப் போ. எடுத்தால் ஒப்பந்தத்தில் எத்தனை மாதச் சம்பளம் எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய். எடுக்காவிட்டால் கணக்குப் பிரிவுக்குப் போ, ஆனால் மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொள்.

கட்டுரைக்கு வருகிறேன். அதைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு. கோப்பையைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது, முதல்வருக்கும் நன்றி சொல். ஆனால் உனக்குப் பத்து வயதில் பந்து போட்டவரின் பெயர் முதல் பத்தியில் இருக்க வேண்டும். அவர் என்ன வேலை செய்கிறார், எந்த மைதானத்தில் எத்தனை மணிக்கு வருவார், உன் எந்தத் தவறுக்கு அதிகம் திட்டினார், எல்லாம் வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். அவர் உயிரோடு இருக்கிறார் அல்லவா? அதை மட்டும் இன்றே எழுது.