வாசகர் கேள்வி: ஓடினால் ஆறிப்போகும் ஹீட்டர்

கேள்வி: டர்பனில் கார் ஹீட்டரைத் தொடுவதே இல்லை. ஜூலைக் குளிர்காலத்தில் என்3 சாலையில் ஜோஹன்னஸ்பர்க் போனபோது, வான் ரீனன் கணவாய் தாண்டியதும் போட்டோம். காற்று பலமாக வந்தது, சூடுதான் இல்லை. டோல் கேட்டில் நின்றால் கொஞ்சம் சூடு, வேகமெடுத்தால் போய்விடுகிறது. ஹீட்டரையே மாற்ற வேண்டுமா?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்றால் முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல்தான். எஞ்சினைக் குளிர்வித்து, ஹீட்டருக்கும் சூடு கொடுக்கும் திரவமான கூலண்ட் 82 முதல் 90 டிகிரியை எட்டும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், எதிர்காற்று ரேடியேட்டரை ஆற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டும்போது டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு ஏறாமல் கீழேயே கிடந்தால் சந்தேகம் உறுதி. வெயில் ஊர்களில் 'எஞ்சின் சூடாகாது' என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடுவதும் உண்டு. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராவிட்டால் பெட்ரோல் செலவும் தேய்மானமும் கூடும்.

புதிது வாங்குமுன் ஒரு சோதனை. 20 நிமிடம் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓட்டுங்கள். எஞ்சினை நிறுத்தி, டேஷ்போர்டுக்குள் நுழையும் இரண்டு ரப்பர் குழாய்களையும் விரல் நுனியால் சட்டென்று தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட், அல்லது கூலண்ட் குறைவு. இரண்டும் சுட்டால், உள்ளே சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் மடல் திரும்பவில்லை. ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால் ஹீட்டர் கோர் (சூடான கூலண்ட் ஓடி, உள்ளே வீசும் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்) அடைத்திருக்கிறது, அல்லது அதற்குப் போகும் வால்வு திறக்கவில்லை. வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீரையே ஊற்றிவந்த வண்டிகளில் கோரின் மெல்லிய குழாய்களைத் துருச்சேறு அடைத்துவிடும். எஞ்சின் நன்றாக ஆறியபின் இரு குழாய்களையும் கழற்றி, கூலண்ட் வெளியேறும் பக்கத்திலிருந்து தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். முதலில் காப்பி நிறத்தில் வரும், தெளியும்வரை விடுங்கள். அழுத்தம் கூடினால் கோர் வெடிக்கும்.

பிறகு கூலண்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. கலந்தே விற்கும் கூலண்டில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. ஊற்றியதும் வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரைப் போட்டு, குமிழி அடங்கும்வரை ஓடவிடுங்கள். காற்று தங்கினால் டேஷ்போர்டுக்குள் 'களக் களக்' என்று கேட்கும்.

ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைத் தாங்கினால்தான் கூலண்ட் கொதிக்காமல் நிற்கும். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

கேள்வி: ஹீட்டர் போட்டால் முன்கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு போல் படிகிறது, இனிப்பு வாசனையும் வருகிறது.
— வாசகி, லெனேசியா

பதில்: ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. இடப்பக்க இருக்கையின் காலடிக் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள், ஈரம் தட்டுப்படலாம். இதற்குக் கழுவல் உதவாது, கோரை மாற்றத்தான் வேண்டும். சிந்திய கூலண்டை உடனே துடைத்துவிடுங்கள்; இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது உயிரைக் கொல்லும் விஷம்.