ஆஸ்டின் தீர்மானத்தை நம்பலாமா?

சகோதரி, 2022 ஜூலையில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஆஸ்டின் நகர மன்றம் 'கிரேஸ்' தீர்மானம் நிறைவேற்றியதால் அங்கேயே கருக்கலைப்பு செய்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. கருக்கலைப்பு வழக்குகளுக்குக் காவல்துறை முன்னுரிமை தர வேண்டாம், தகவல் திரட்ட நகரப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். மருத்துவரின் உரிமமோ மாநிலத்தின் கையில். கருக்கலைப்பு செய்தால் டெக்சஸ் சட்டப்படி அவருக்கு ஆயுள் சிறை வரை கிடைக்கலாம். குறைந்தது 1,00,000 டாலர் அபராதம் வேறு. பிறகு யார் துணிவார்கள்? பூசாரி இரங்கியும் சாமி வரம் தராத கதை. உங்கள்மீது அந்தச் சட்டம் பாயாது. வெளிமாநிலம் சென்று கருக்கலைப்பு செய்துகொள்வோரின் பயணச் செலவுக்கு 2024இல் நகரம் பணம் ஒதுக்கியது. 2025இல் மாநிலம் அதையும் தடுத்துவிட்டது. பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் சட்டப்படியே செய்கிறார்கள். தள்ளிப்போடாமல் இன்றே அங்குள்ள மருத்துவமனை ஒன்றை அழைத்து நேரம் வாங்குங்கள்.