ஃபிட்டோனியா சாய்ந்தால் தண்ணீர்க் குவளையை எடுக்கும் முன்

கேள்வி: சென்னை வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு. சில மாதங்களுக்கு முன் நர்சரியில் சிவப்பு நரம்பு ஓடிய ஃபிட்டோனியா ஒன்று வாங்கினேன். ஈரம் பிடிக்கும் செடி என்று சொல்லிக் கொடுத்தார்கள். படுக்கையறையில் ஏசிக்கு நேர் கீழே மேஜையில் வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் அடிக்கடி துவண்டு விழும். தண்ணீர் விட்டால் எழுந்துவிடும். அதனால் தினமும் விட ஆரம்பித்தேன். இப்போது மண் ஈரமாக இருக்கும்போதே சாய்ந்து கிடக்கிறது. அடி இலைகள் மஞ்சள், தண்டின் அடியில் கறுப்பு, சின்னச் சின்ன ஈக்கள் வேறு. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் அதற்குத்தான் ஊற்றுகிறேன். காப்பாற்ற முடியுமா? வீட்டில் பூனை இருக்கிறது, கடித்தால் ஆபத்தா?

பதில்: முழுச் செடியும் பிழைப்பது சந்தேகம். நுனிகளைக் கண்டிப்பாகக் காப்பாற்றலாம். அதை இன்றைக்கே செய்துவிடுங்கள். காரணத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

கத்தரிக்கோலை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, கறுப்பு ஏறாத தண்டுகளிலிருந்து இரண்டு மூன்று கணு உள்ள நுனிகளை வெட்டுங்கள். விரல் நீளம் போதும். வெட்டிய இடம் உள்ளே பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாகத் தெரிந்தால் அழுகல் அங்கேயும் ஏறிவிட்டது, இன்னும் மேலே போய் வெட்டுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கணுவாவது உள்ளே போகிற மாதிரி ஈரக் கோகோபீட்டில் (தேங்காய் நார்த் தூள்) செருகி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துவிடுங்கள். வெளிச்சம் வேண்டும், வெயில் படக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். லேசாக இழுத்தால் வராமல் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அடையாளம். வேர் பிடிக்க வைக்கும் பொடி எதுவும் தேவையில்லை. காட்டில் இது தரையோடு ஊர்ந்து, மண்ணைத் தொடும் கணுவிலெல்லாம் வேர் விட்டுக்கொண்டே போகிற செடி. கணுவை ஈரத்தில் வைத்தால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பழைய செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, விறைப்பாகக் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் பழுப்பு வேர்களை நறுக்கிவிட்டுப் புதுக் கலவையில் வைக்கலாம். எல்லாமே வழுவழுவென்று விரலோடு உரிந்து வந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். பார்க்கும்போது நடுவில் ஒரு சின்ன உருண்டை, வலையோ மெல்லிய துணியோ சுற்றியபடி இருக்கிறதா என்று கவனியுங்கள். நாற்று வளர்த்தபோது போட்ட கோகோபீட் உருண்டை அது. பல நர்சரிகளில் அதைப் பிரிக்காமல் அப்படியே தொட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். சுற்றிலும் மண் காய்ந்தாலும் அது நனைந்தே கிடக்கும், செடியின் கழுத்து முதலில் அங்கேதான் அழுகும். மறு நடவு செய்யும்போது வலையைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள்.

சரி, ஏன் இப்படி ஆனது?

இந்தச் செடி இரண்டு காரணத்துக்குச் சாயும், இரண்டும் மேலே பார்க்க ஒரே காட்சிதான். இலை மெல்லியது, தண்டில் கட்டை கிடையாது. செல்களுக்குள் நீர் நிறைந்து தரும் அழுத்தம்தான் செடியை நிமிர்த்தி வைக்கிறது. மண் காய்ந்தால் அழுத்தம் குறைந்து மொத்தமும் படுத்துவிடும். தண்ணீர் விட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்துவிடும். இது உங்களுக்கு ஆரம்பத்தில் நடந்தது. அதற்குப் பயந்து தினமும் ஊற்றியதில் மண்ணுக்குள் காற்று போக வழியில்லாமல் போனது. வேரும் மூச்சு விட வேண்டும். ஆக்சிஜன் கிடைக்காத வேர் செத்து அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது. ஆகவே தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் இலைக்குத் தாகம், செடி மறுபடி சாய்கிறது. அதைப் பார்த்து இன்னும் ஊற்றுகிறோம்.

ஆகவே சாய்ந்த செடியைப் பார்த்தால் முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் தாகம். கனமாக இருந்தால் தண்ணீர் விடாதீர்கள், வேரைப் பாருங்கள். சந்தேகம் என்றால் விரலை முதல் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். கோகோபீட் மேலே வெளிறிக் காய்ந்த மாதிரி தெரியும், அரை அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். கண்ணை நம்பி ஊற்றுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

‘ஈரம் பிடிக்கும்’ என்று சொல்லி விற்றதில் பொய் இல்லை, பாதிதான் சொன்னார்கள். ஃபிட்டோனியாவின் ஊர் பெரு, ஈக்வடார், கொலம்பியா பக்கத்து மழைக்காடுகள். பெரிய மரங்களின் நிழலில், மக்கிய சருகின் மேல் படரும். பெய்கிற மழை சருகுக்கிடையே இறங்கிப் போய்விடும். ஈரம் நிற்கும், தண்ணீர் நிற்காது. புட்டுக்கு மாவு பிசிறும் பதம் தெரியுமல்லவா, கையில் பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிரும். மண் எப்போதும் அந்தப் பதத்தில் இருக்க வேண்டும். நம் கனகாம்பரமும் ஆடாதொடையும் நிலவேம்பும் இதே தாவரக் குடும்பம்தான். ஆனால் ஆடாதொடையின் முரட்டுத்தனத்தை இதனிடம் எதிர்பார்க்க முடியாது.

கலவைக்குக் கோகோபீட் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) அல்லது கொரகொரப்பான மணல் ஒரு பங்கு. செம்மண் வேண்டாம், இறுகிவிடும். கட்டியாக வாங்கும் கோகோபீட்டை ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள், தேங்காய் நாரில் இயல்பாகவே உப்பு உண்டு. தொட்டி ஆழம் குறைந்து அகலமாக இருக்கட்டும். இதன் வேர் மேலாகத்தான் ஓடும். மற்ற செடிகளுக்கு மண் தொட்டியைச் சிபாரிசு செய்கிற நான் இதற்குப் பிளாஸ்டிக்கையே சொல்வேன், மண் தொட்டி சுவர் வழியாகச் சீக்கிரம் காய்ந்துவிடும். அடியில் ஓட்டை மட்டும் கட்டாயம்.

தண்ணீர் விடும்போது ஓட்டை வழியாக ஒழுகும் வரை விடுங்கள், கால் மணி நேரம் கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினமும் ஒரு மடக்கு ஊற்றுவது மேலே சேறும் கீழே வறட்சியுமாக முடியும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று நாள்கணக்கு கேட்காதீர்கள். மே மாதம் சென்னையில் இரண்டு நாளில் காயும் தொட்டி, நவம்பர் மழையில் ஒரு வாரம் ஆனாலும் காயாது. விரல்தான் காலண்டர்.

ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரை உடனே நிறுத்துங்கள். வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேர்கிறது. தரை துடைக்க, பாத்ரூம் கழுவ எடுத்துக்கொள்ளுங்கள். சின்னத் தொட்டியில் அதைத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறி, இலை ஓரம் கருகும், மேல்மண்ணில் வெள்ளைப் படலம் தெரியும். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீருக்கும் இதே கதைதான். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் சிறப்பு. இல்லாவிட்டால் ஆர்ஓவின் குடிநீர்ப் பக்கம், அல்லது ஏசி குழாயில் சொட்டுகிற தண்ணீர். அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. ஏசி சர்வீஸ் செய்த அன்று வரும் தண்ணீரை மட்டும் விட்டுவிடுங்கள், கழுவிய கெமிக்கல் கலந்திருக்கும்.

அந்தச் சொட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் ஏசியின் பிரச்சினையும் புரிந்துவிடும். எல்லாம் உங்கள் அறைக் காற்றில் இருந்த ஈரம். கடலோரச் சென்னையில் ஜன்னலுக்கு வெளியே இந்தச் செடிக்குப் போதுமான ஈரப்பதம் பெரும்பாலும் உண்டு. உள்ளே நாமே காசு கொடுத்து அதைப் பிழிந்து எடுக்கிறோம். 24 டிகிரி குளிர்ச்சி அதற்குத் தொந்தரவு இல்லை, 18 முதல் 27 வரை சுகமாக இருக்கும். நேரே அடிக்கும் உலர்ந்த காற்றுதான் இலையை உறிஞ்சுகிறது. ஏசி இல்லாத ஹாலுக்கோ சமையலறை ஜன்னலுக்கோ மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். மதுரை, திருச்சி, வேலூர் வாசகர்களுக்கு இது பொருந்தாது. அங்கே கோடை மதியம் வெளிக்காற்றே வறண்டுதான் இருக்கும்.

இலைமேல் ஸ்பிரே அடித்தால் போதுமா என்று எல்லாரும் கேட்பார்கள். சில நிமிடத்தில் ஆவியாகிவிடும், அவ்வளவுதான் பலன். கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைப்பதும் சுமார்தான். ஏசி அறையிலேயே வேண்டும் என்றால் அகல வாய்க் கண்ணாடி ஜாடிக்குள் வளர்ப்பது ஒன்றே உருப்படியான வழி. லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு 1829 வாக்கில் மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு பெரணி தானாக முளைத்துத் தழைத்ததைப் பார்த்துக் கண்டுபிடித்த சங்கதி இது. பிற்பாடு அவர் பெயரில் வந்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் சீனத் தேயிலைக் கன்றுகள் கடல் தாண்டி இந்தியாவுக்கு வந்தன. உங்களுக்குப் பழைய மிட்டாய் ஜாடி போதும். அடியில் ஓட்டை இல்லாததால் ஒரு அங்குலம் கூழாங்கல் போட்டு, மேலே கலவை நிரப்பி, தண்ணீரை ஸ்பூன் கணக்கில் விடுங்கள். கல் அடுக்கு தண்ணீரை வெளியேற்றாது, நீங்கள் அதிகம் விட்டுவிட்டீர்களா என்று காட்டிக் கொடுக்கும், அவ்வளவே. காலையில் கண்ணாடியில் லேசாக ஆவி படிந்தால் சரி. நாள் முழுக்க வியர்த்தபடி இருந்தால் மூடியைச் சில மணி நேரம் திறந்து வையுங்கள். ஜாடிமேல் வெயில் பட்டால் உள்ளே செடி வெந்துவிடும்.

வெளிச்சத்துக்கு வடக்கு ஜன்னல், அல்லது காலை வெயில் திரைச்சீலை வழியே வரும் கிழக்கு ஜன்னல். கணுக்கள் விலகித் தண்டு மட்டும் நீண்டால் வெளிச்சம் போதவில்லை. நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் அடர்ந்து படரும். கனகாம்பரக் கதிர் மாதிரி மெல்லிய பூங்கதிர் வரும், அழகொன்றும் இல்லை, கிள்ளிவிடலாம். உரம் அதிகம் கேட்காது. புதுக் கலவையில் இரண்டு மாதத்துக்கு எதுவும் வேண்டாம்; பிறகு மாதம் ஒருமுறை, லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது).

ஈக்கள் செடியைத் தின்பவை அல்ல. நனைந்த மேல்மண்ணில் முட்டையிடும்; புழுக்கள் பூஞ்சையையும் மெல்லிய வேரையும் தின்னும். பழைய மண்ணை மாற்றி, மேல்மண் காய்ந்த பின் தண்ணீர் விடும் பழக்கம் வந்தாலே குறைந்துவிடும். மிச்சத்துக்கு மஞ்சள் ஒட்டுப் பொறி. வேர் பிடிக்கும் நுனிகளுக்குப் பக்கத்தில் பழைய தொட்டியை வைக்காதீர்கள், அந்த ஈ அங்கும் போய்விடும்.

பூனை விஷயத்தில் கவலை வேண்டாம். ஃபிட்டோனியா பூனைக்கும் நாய்க்கும் விஷமில்லாத செடிகள் பட்டியலில் இருக்கிறது. நிறைய மென்றால் வாந்தி எடுக்கலாம், புல் தின்றாலும் எடுக்கிற வாந்திதான். தொட்டியைக் கீழே தள்ளாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.